களவாக விளையாட வேண்டாம் தம்பி, நேரம் வைத்து விளையாடுங்கள்

வாசகர் கடிதம் (சுருக்கி எடுத்தது):

அக்கா, எனக்கு வயது 34. ஆசிரியராக இருக்கிறேன். மனைவி வீடு குருமண்வெளிப் பக்கம். பாடசாலையும் அம்மா வீடும் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில். ஒவ்வொரு நாளும் பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில்) கடந்துதான் போய் வருகிறேன். எனக்குப் பதினைந்து வயதில் அப்பா நோயில் இறந்துபோனார். அடுத்த வருடம், 2007இல், யுத்தத்தால் ஊரோடு இடம்பெயர்ந்தோம். இரண்டு தங்கச்சிமார். மூத்தவளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணமும் செய்து வைத்துவிட்டேன். இளையவள் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அவளுடைய வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது. கோயில் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது. மாமாவின் ஓய்வூதியப் படிவம், கூடப் படிப்பிக்கிறவரின் இடமாற்ற விண்ணப்பம் என்று யாருக்கு எது தேவையென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒன்றும் பிந்தாது.

ஆனால் என் காரியம் என்றால் நானே கெடுத்துவிடுகிறேன். கல்வி நிருவாக சேவைப் பரீட்சைக்கு முதல் தடவை விண்ணப்பத்தை நிரப்பி, அதிபரின் கையெழுத்தும் வாங்கி, தபாலில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முடிவு திகதி போய்விட்டது. அடுத்த தடவை, பரீட்சைக்கு முதல்நாள் இரவு "ஒரே ஒரு ஆட்டம்" என்று கூட்டாளி வீட்டுக்குக் கரம் விளையாடப் போய் விடிய இரண்டு மணிக்கு வந்தேன். மண்டபத்தில் தூங்கி விழுந்தேன். மற்ற நாட்களில் எல்லாரும் படுத்த பிறகு போனில் கேம். "ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகியும் விளையாட்டுப் புத்தி போகல்ல" என்று மனைவி சொல்கிறா. அவ சொல்வது சரிதான்.

சின்ன வயதில் அப்பாவோடு கூத்துப் பழகப் போவேன். ஒருமுறை கட்டியகாரன் வேஷம் கட்டி ஆடினேன், ஊரே சிரித்தது. அந்த விளையாட்டுப் புத்திதான் இன்னும் விடவில்லை போல. இந்த முறை பரீட்சைக்கு வர்த்தமானி அறிவித்தல் வந்தால் எப்படியும் எழுத வேண்டும். கூட்டாளிமார், கரம், கேம் எல்லாவற்றையும் அடியோடு விட்டுவிடப் பார்க்கிறேன். கரம் போர்ட்டையும் விற்றுவிடலாமா?

பதில்:

தம்பி,

கரம் போர்ட்டை விற்க வேண்டாம். கடைசியில் வர வேண்டிய பதிலை முதலிலேயே சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் வேகத்தைப் பார்த்தால் இதை வாசித்து முடிப்பதற்குள் யாரிடமாவது விலை பேசிவிடுவீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அந்த நான்கு பக்கத்திலும் சந்தோஷமாக எழுதிய இடம் ஒன்றுதான்: கட்டியகாரன் வேஷம் கட்டி ஆடியதும் ஊர் சிரித்ததும். அதையும் உங்கள் குற்றப்பத்திரிகையில்தான் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அது உங்களுக்குச் சாதகமான சாட்சியாகப் படுகிறது.

நீங்கள் அளவுக்கு மிஞ்சி விளையாடுகிறீர்கள் என்று மனைவி நினைக்கிறார், நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பதினைந்து வயதோடு விளையாட்டை நிறுத்திய ஆள் நீங்கள். இப்போது நடுச்சாமத்தில் நடப்பதற்குக் களவு என்றுதான் பெயர் வைக்க வேண்டும். வீடு அடங்கும்வரை பார்த்திருந்து, போனின் வெளிச்சத்தைக் குறைத்து, சத்தத்தை நிறுத்தி, "இன்னும் ஒரு சுற்று" என்று இருக்கிறீர்களே, அந்த நேரத்தில் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சிரித்ததுண்டா? முடித்து எழும்பும்போது மனம் லேசாக இருந்ததா, இன்னும் கனத்துப் போயிருந்ததா? விளையாடி எழும்பியவனுக்குப் பசிக்கும், நல்ல தூக்கம் வரும். ஒளித்திருந்து எழும்பியவனுக்குத் தலையிடிதான் வரும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சோதனை, ஆனாலும் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் வைக்கும் சோதனை இதுதான். நீங்களும் வைத்துப் பாருங்கள்.

எப்படி இந்தக் களவு பழகியது? 2007இல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை இடம்பெயர்ந்து இக்கரைக்கு வந்ததை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பதினாறு வயதுப் பொடியன் ஒருவன் குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிவாரண வரிசையில் நின்றால், அன்றோடு அவனைப் பொடியன் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். "இனி நீதான் மனே வீட்டுக்கு ஆம்பிளை" என்று அம்மா சொல்லியிருப்பார். சொல்லாவிட்டாலும் உங்களுக்கு விளங்கியிருக்கும். அதற்கு மேல் எங்கள் பக்கத்து வழமை ஒன்று இருக்கிறது. வீடு பெண்பிள்ளைக்கு. தகப்பன் இல்லாத வீட்டில் அந்த வீட்டைக் கட்டி நிமிர்த்துவது மூத்த ஆண்பிள்ளையின் தலையில். கட்டி முடித்துவிட்டு அவன் மனைவி வீட்டுக்குப் போவான். போன இடத்திலும் அவனுக்கென்று கடமை காத்திருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த வழமையால்தான் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு எந்த நிலையிலும் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கிறது. ஆனால் இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், உங்களைப் போன்ற அண்ணன்மார்தான்.

எரிக் பேர்ண் என்ற மனநல மருத்துவர் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் பெற்றோர், வளர்ந்தவர், குழந்தை என்று மூன்று நிலைகள் இருப்பதாகச் சொன்னார். எனக்கு அவருடைய எல்லாக் கருத்திலும் நம்பிக்கை இல்லை, ஆனால் உங்கள் கடிதத்தை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது. உங்களுக்குள் இருக்கிற பெற்றோர் பகல் முழுவதும் உத்தரவு போடுகிறார். குழந்தை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர் களைத்துச் சாய்ந்த பிறகு இரவு பன்னிரண்டு மணிக்கு அது எழும்புகிறது. இருவரையும் உட்கார வைத்து "உனக்கு இந்த நேரம், உனக்கு அந்த நேரம்" என்று பேசி முடிக்க வேண்டிய வளர்ந்தவருக்கு உங்கள் நாளில் இடமே கிடைக்கவில்லை. கரம் போர்ட்டை விற்பது அந்தப் பெற்றோரின் இன்னொரு உத்தரவு. அது நடந்தால் குழந்தை இன்னும் ஆழமாக ஒளியப் பழகும், அவ்வளவுதான்.

வாவி கடலோடு சேரும் எங்கள் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். மாரி வெள்ளம் வாவியில் ஏறி வயலுக்குள் போகத் தொடங்கினால், கூட்டம் போட்டுப் பேசி, நேரத்தோடு மணல் திட்டை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாமல் விட்டால் தண்ணீர் பேசாமல் இருக்குமா? தனக்குப் பிடித்த இடத்தில், தனக்குப் பிடித்த நேரத்தில் உடைக்கும். உங்களுக்கு அது பரீட்சைக்கு முதல்நாள் இரவில் உடைத்திருக்கிறது.

சரி, அந்த இரவு ஏன்? வேறு எத்தனையோ இரவுகள் இருந்தனவே. இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1978இல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குச் சில புதிர்க் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கிடைத்தவை விடை கண்டுபிடிக்கவே முடியாத புதிர்கள். அவர்கள் ஏதோ ஊகித்து எழுதினார்கள். எழுதியது எதுவானாலும் எல்லாரிடமும் "மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்று சொல்லப்பட்டது. பிறகு, இரண்டாவது சோதனைக்கு முன் இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று சொல்லி வைத்தார்கள். உண்மையில் யாருக்கும் மருந்து கொடுக்கும் எண்ணம் இல்லை, எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். தாங்கள் எப்படி வென்றோம் என்று தெரியாமலே பாராட்டு வாங்கியவர்களில், முக்கியமாக ஆண்களில், பலர் மந்தமாக்கும் மாத்திரையைத் தெரிவு செய்தார்கள்.

ஏன் என்று உங்களுக்கு விளங்கும். அடுத்த தடவை தோற்றால் பழி மாத்திரைக்குப் போகும், தன் மூளைக்கு வராது. தற்செயலாக வென்றுவிட்டால் "மந்த மாத்திரை எடுத்தும் வென்றான்" என்று இன்னும் பெருமை. விடிய இரண்டு மணி வரை கரம் விளையாடியது உங்களுடைய மாத்திரை, தம்பி. "நித்திரை கொள்ளாமல் போனேன், அதனால் போய்விட்டது" என்று சொல்ல முடிகிறது. "முழுத் தயாரிப்போடு போனேன், ஆனாலும் போய்விட்டது" என்று சொல்லும் நிலை வரவே விடவில்லை. பையிலேயே கிடந்த விண்ணப்பமும் இதே வேலையைத்தான் செய்தது. ஊரெல்லாம் "சேர் கெட்டிக்காரன்" என்று சொல்கிறது. அந்தப் பேரை ஒரு பரீட்சைத் தாளின் முன்னால் கொண்டுபோய் வைக்க உங்களுக்குப் பயம். பயப்படுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. பயத்துக்குக் கரத்தின் பெயரைச் சூட்டிவிட்டு, கரத்தை விற்றுத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் பிழையான கணக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் பெருமையாக எழுதிய அந்தப் பொறுப்புகளிலும் பாதி ஒளிப்பிடம்தான். மாமாவுக்குப் படித்த மகன் இருக்கிறார் என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஓய்வூதியப் படிவம் நிரப்பத் தெரியாதா? இடமாற்ற விண்ணப்பத்தை அந்த ஆசிரியர் தானே எழுதினால் என்ன கெட்டுவிடும்? மற்றவர் காரியம் முடிந்தால் உடனே நன்றி வருகிறது, தேத்தண்ணி வருகிறது, நல்ல பேர் வருகிறது. அதில் உங்கள் திறமையை யாரும் புள்ளி போட்டு அளக்கப் போவதில்லை. தன் கோப்பைத் திறக்கப் பயந்தவனுக்கு அடுத்தவர் கோப்பு நல்ல மறைவு. இரவில் போனுக்குள் ஒளிக்கிறீர்கள், பகலில் கோயில் கணக்குக்குள் ஒளிக்கிறீர்கள். முதலாவதை மனைவி கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது புண்ணியமாகத் தெரியும்.

ஆகவே "இன்னும் பொறுப்பாக இரு" என்று நான் சொன்னால் நீங்கள் இன்னும் நான்கு பேருடைய படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்குவீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை.

நீங்கள் ஆடிய கூத்தைத் திரும்பிப் பாருங்கள். வெளியூர்க்காரர் அதை ஓர் இரவுக் கொண்டாட்டம் என்று நினைப்பார்கள். அரங்கேற்றம் கடைசியில் வருவது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடல்வாகையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேஷம் என்று தீர்மானித்து, சட்டம் (அந்த வேஷத்துக்கான பாட்டு ஏடு) கொடுக்க வேண்டும். பிறகு கிழமைக்கு ஒருநாள் ஆடிப் பார்க்கும் கிழமைக்கூத்து, சலங்கை கட்டுதல், முழுக்கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல். மாதக்கணக்கில் போகும். பகலில் வயல் வட்டையில் நின்றவர்கள்தான் இரவில் கூத்துக் களரிக்கு வருவார்கள். பிந்தி வந்தால் ஏச்சு விழும். தாளம் தப்பினால் மத்தளம் நிற்கும், திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். ராசா வேஷக்காரன் வராவிட்டால் அன்றைய பழக்கமே கெட்டுப்போகும், ஆகவே காய்ச்சலோடும் வருவான். இவ்வளவு பொறுப்பும் எதற்கு? ஆடுவதற்கு! அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை, வீண் விளையாட்டு என்று ஏசியதும் குறைவு. நாள் குறித்து, ஊர் அறிய, பலரோடு சேர்ந்து, முடிகிற நேரம் தெரிந்து நடந்த விளையாட்டு அது. பொழுது விடிந்ததும் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். உங்கள் அப்பா உங்களைக் கூட்டிக்கொண்டு போனது அந்த இடத்துக்குத்தான்.

இப்போது உங்கள் போன் கேமை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள் இல்லை, நேரம் இல்லை, யாருக்கும் தெரியாது, முடிவும் கிடையாது. போன் கேம்களை வேண்டுமென்றேதான் முடிவு தெரியாமல் செய்கிறார்கள், அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. கரத்துக்குக் குறைந்தது எதிரில் ஒரு முகம் இருக்கிறது, போர்ட்டில் காய் தீர்ந்தால் ஆட்டம் முடியும். அதனால்தான் கரத்துக்கு நான் பரிந்து பேசுகிறேன், கேமுக்குப் பேசவில்லை.

செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்க வேண்டாம். நீங்கள் அப்படித் தொடங்குகிற ஆள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

முதலில் விளையாட்டுக்கு நேரம் வையுங்கள், படிப்புக்கு அதற்குப் பிறகு. ஆம், இந்த ஒழுங்கில்தான். "வேலையெல்லாம் முடிந்தால் விளையாடலாம்" என்று வைத்தால் உங்கள் வீட்டில் ஒருநாளும் வேலை முடியாது, அப்புறம் திரும்பவும் களவுதான். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை கரம். கூட்டாளி வீட்டில் வேண்டாம், உங்கள் விறாந்தையில். கூட்டாளிமார் அங்கே வரட்டும், உங்கள் பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். ஆறு மணிக்குப் போர்ட் சுவரில் ஏற வேண்டும், ஆட்டம் பாதியில் நின்றாலும் சரி. இந்த இரண்டு மணி நேரத்தில் யாராவது படிவத்தோடு வந்தால் "ஆறு மணிக்கு மேல் வாங்க" என்று சொல்லுங்கள். சொல்லும்போது நாக்குக் கூசும். கூசினாலும் சொல்லுங்கள்.

பிறகு பாதை. காலையில் போகும்போதும் பின்னேரம் வரும்போதும் வாவியைக் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். அதில்தான் நீங்கள் மற்றவர்களுக்குப் போன் எடுத்து அவர்களுடைய காரியத்தை முடிக்கிறீர்கள். இனிமேல் காலைப் பாதையில் கடந்தகால வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வி. இரண்டு வேண்டாம். இரண்டு செய்ய மனம் வந்தாலும் ஒன்றோடு நிறுத்துங்கள், அடுத்த நாள் ஆசையோடு திறப்பீர்கள். பின்னேரப் பாதையில் ஒன்றும் செய்ய வேண்டாம். நீர்க்காகத்தைப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிறவரோடு பம்பலடியுங்கள். போனை எடுக்க வேண்டாம்.

படிப்பையே விளையாட்டாக்கச் சொல்லிச் சிலர் அறிவுரை சொல்வார்கள். நான் அதில் பாதிதான் போவேன். சுற்றறிக்கைகளை வாசித்து வாய்விட்டுச் சிரித்த ஒருவரை இன்னும் நான் காணவில்லை. வறண்டது வறண்டதாகத்தான் இருக்கும், அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: குரல். கட்டியகாரனுக்குச் சபைக்கு அறிவிக்கத் தெரியும். வாசித்த பந்தியை மூடி வைத்துவிட்டு, பிள்ளைக்கு முன்னால் நின்று "சபையோர்களே" என்று தொடங்கி அறிவியுங்கள். பிள்ளை சிரிக்கும், உங்களுக்கு மனதில் நிற்கும். கூடப் படிப்பிக்கிறவர்களில் இதே பரீட்சை எழுதப் போகிற ஒருவரைப் பிடித்து, கிழமைக்கு ஒரு வினாத்தாளைப் போட்டியாகச் செய்யலாம். தோற்றவர் கடலை வாங்கிக் கொடுக்கட்டும். ஜெர்மனியில் ரெனே ப்ரோயர் என்ற உளவியலாளரின் குழு 2020இல் 533 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு கிழமை இப்படிச் சின்னச் சின்னப் பயிற்சிகள் செய்தவர்களிடம் விளையாட்டு மனம் கூடியது. ஒரு பயிற்சி, அன்றைக்கு விளையாட்டாக நடந்த மூன்று விஷயங்களை இரவில் எழுதி வைப்பது. கோயில் கணக்கு எழுதுகிற கைக்கு அது கஷ்டமில்லை. வளர்ந்த ஆளுக்கும் இந்த மனம் திரும்ப வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விண்ணப்பத்துக்கு "இந்த முறை கட்டாயம் போடுவேன்" என்ற சபதம் உதவாது, போன முறையும் அதுதான் இருந்தது. பீற்றர் கொல்விற்சர் என்ற உளவியலாளர் காட்டிய வழி சின்னது, ஆனால் பிடிமானமானது: இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று இடத்தோடும் நேரத்தோடும் முன்கூட்டியே கட்டிவைப்பது. உங்களுக்கு இப்படி வைக்கலாம்: "அதிபர் கையெழுத்து வைத்த அன்று, பாடசாலை விட்டதும் தபாற்கந்தோரில் பற்றுச்சீட்டு வாங்கிய பிறகுதான் பாதையில் ஏறுவேன்." கடிதவுறை பையோடு வாவியைக் கடக்கக் கூடாது. கடந்துவிட்டால் அது "மறுகா பாப்பம்" ஆகிவிடும், உங்களுக்கே தெரியும்.

பரீட்சைக்கு முதல்நாளை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அன்றைக்கு விளையாடக் கூடாது என்று எழுத வேண்டாம். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், இருட்டும்வரை பந்தடித்துவிட்டு வாருங்கள். இரவு புத்தகம் வேண்டாம், போன் மனைவியின் அலுமாரியில் இருக்கட்டும். கூட்டாளிமாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "பரீட்சை முடிந்த அன்றிரவு எங்கள் வீட்டில் ஆட்டம், சோறும் இருக்கு." நல்ல கூட்டாளிமார் என்றால் அவர்களே உங்களைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பொறுப்புகளில் எதைத் திருப்பிக் கொடுப்பது? கோயில் கணக்கை, நிருவாகம் பார்க்கிற வண்ணக்கரிடம் பேசி, பரீட்சை முடியும்வரை வேறொருவரிடம் விடுங்கள். சடங்கு நின்றுபோகாது. மாமாவின் படிவம் மாமாவின் மகனுக்கு. தங்கச்சியின் வீட்டை விடச் சொல்ல மாட்டேன், விடவும் மாட்டீர்கள். ஆனால் அம்மாவையும் தங்கச்சியையும் இருத்தி, கூரைக்கு எவ்வளவு தேவை, மாதம் எவ்வளவு என்னால் முடியும், எந்த மாதம் முடியும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பிள்ளையும் சம்பளம் எடுக்கிறது. தன் வீட்டுக்குத் தானும் ஒரு பங்கு போட அதற்கு விருப்பம் இருக்கும், இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஒரு நாள் வழுக்குவீர்கள். ஒரு மணி வரை கேம் விளையாடிவிட்டு, விடிந்ததும் "நான் திருந்தாத ஜென்மம்" என்று தொடங்குவீர்கள். அந்தப் பேச்சைத்தான் கவனிக்க வேண்டும், கேமை விட அது கேடு. கனடாவில் மைக்கல் வோல் என்பவரும் கூட்டாளிகளும் 2010இல் முதலாம் வருட மாணவர் 119 பேரை வைத்துப் பார்த்தார்கள். முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். இது ஆச்சரியமில்லை. தன்னைத் தானே ஏசிக் களைத்தவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேவை, அவன் திரும்பவும் போனிடம்தான் போவான். வழுக்கிய அன்றும் காலைப் பாதையில் அந்த ஒரு கேள்வி. அவ்வளவே தண்டனை.

மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டலாம், "பார், அக்கா விளையாடச் சொல்லியிருக்கா" என்று வாதத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அவர் கோபப்படுவது கரத்துக்காக இல்லை என்று நினைக்கிறேன். நாள் முழுக்க ஊருக்கு ஓடி, இரவில் போனுக்குள் போய்விடுகிற மனிதரோடு அவர் எப்போது கதைப்பது? பகலில் எல்லாருக்கும் கிடைக்கிற கணவன் தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்பது எந்தப் பெண்ணுக்கும் வலிக்கும். "நான் பரீட்சைக்குப் பயந்துபோய் இருக்கிறேன்" என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். அதை இதுவரை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவரைக் காவல்காரியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். "நான் போனை எடுத்தால் ஏசு" என்று ஒப்படைத்தால், வீட்டில் இன்னொரு பெற்றோரைச் சேர்த்துக்கொள்வீர்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இரவு விழித்திருப்பது கேமுக்காகவா, நித்திரை வராததாலா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் இருக்கிறதா? கூட்டாளி வீட்டில் கரத்தோடு போத்தலும் வருகிறதா? உயிரோடு இருப்பதே அலுத்துப்போகிற நேரம் உண்டா? இவற்றில் ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் என்னுடைய நேர அட்டவணை மட்டும் போதாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போக யோசனையாக இருந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். "சேர் அங்கே போனாராம்" என்று ஊர் பேசும் என்ற பயம் வந்தால், நீங்கள் படிப்பிக்கிற பிள்ளை ஒன்று இதே நிலையில் உங்களிடம் வந்தால் எங்கே அனுப்புவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள். வர்த்தமானி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் கணக்கைக் கொடுக்க வண்ணக்கரிடம் போவதை மட்டும் வெள்ளிக்கிழமைக்கு முன் முடித்துவிடுங்கள்.